நாற்பத்தைந்து மைலுக்கு மேல்

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. சீனிக்குக் கூப்பனோடு வரிசையில் நிற்கிற இந்தக் காலத்தில் பொலிஸ் ஸ்டேசனில் இப்படி ஒரு தேநீர் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் எழுதுவதற்கு வசதியாக ஆறுதலாகவே சொல்கிறேன்.

என் பெயர் சூசைதாசன். வயது நாற்பத்திரண்டு. நெல்லியடியில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்தது மணற்காட்டில். அங்கே செபநாயகம் சம்மாட்டியின் கரைவலையில் பன்னிரண்டு வருடம் கயிறு இழுத்தேன். வலையும் வள்ளங்களும் அவருடையவை. அந்தக் கரையில் ஓடிய ஒரே வாகனமும் அவருடையதுதான். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பிக்கப், நாலு சில்லும் இழுக்கும். அதைக் கழற்றிப் பூட்டித்தான் நான் இந்தத் தொழிலைப் பழகினேன்.

அறுபத்தாறாம் ஆண்டு ஆனி மாதம் என் மனைவி அருமைநாயகிக்கு நோவு கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவிச்சி சொன்னாள். காலை எட்டு மணி இருக்கும். கடற்கரையில் சம்மாட்டியின் மீன் வாடிக்கு ஓடினேன். பிக்கப்பில் பாரை மீன் ஏற்றி முடிகிற நேரம்.

"இப்ப மீனை இறக்கினா பழுதாப் போடும், சூசை," என்றார். "சந்தையிலை போட்டிட்டு வந்து ஏத்துறன். ரெண்டு மணித்தியாலம் பொறு."

மாட்டு வண்டியில் ஏற்றினோம். எங்கள் பக்கத்து மணல் உங்களுக்குத் தெரியும். பத்து முழம் போனால் சில்லு புதையும், இறங்கித் தள்ள வேண்டும். தார் றோட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போய்விட்டது. பிள்ளை வெளியே வரவேயில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, வெறும் பிக்கப் எதிரே வந்து நின்றது. சம்மாட்டி இறங்கினார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்தபடி நின்றார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் நான் ஊரைவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்டரை வருடம் நான் அவரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னதில்லை. வேண்டுமானால் நெல்லியடியில் விசாரித்துப் பாருங்கள்.

இந்த வருடம் தை மாதம் பொங்கல் கழிந்து நாலாம் நாள், ஒரு டிராக்டர் அந்தப் பிக்கப்பை இழுத்துக்கொண்டு என் கராச்சுக்கு வந்தது. பின் அக்சில் மூன்றாம் தரமும் முறிந்திருந்தது. சம்மாட்டி கிழண்டுபோயிருந்தார்.

"இனி முறியாத மாதிரி ஒண்டு செய்து தா, சூசை. உந்த வாகனத்தின்ரை உள்வளம் உனக்குத் தெரிஞ்ச மாதிரி வேறை ஒருத்தருக்கும் தெரியாது."

"மீனைக் குறைச்சு ஏத்துங்கோ," என்றேன்.

"மீனுக்கில்லை," என்றார். "அருமைநாயகி போன நாளிலை இருந்து நான் ஒருத்தருக்கும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. பத்தொன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறன். அதிலை ஏழு பேர் பேறுக்காரியள். மீன் கிடந்தாலும் கரையிலை கொட்டிப்போட்டுத்தான். போன மாதம் ஒரு காய்ச்சல்காரனோடை மணலுக்கை அக்சில் முறிஞ்சு போச்சு. தோளிலை தூக்கிக்கொண்டு ஓடினம். ஆள் தப்பீட்டான். இனி அப்பிடி வரக்கூடாது. உன்னட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் இல்லை."

"ஓம், செய்து தாறன்," என்றேன்.

இதைக் கேட்டு என் மனம் ஆறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பங்குத் தந்தையும் அப்படித்தான் நினைப்பார். பத்தொன்பது பேர் நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த மனிதர் திருந்துவதற்கு என் வீட்டில் இரண்டு உயிர் போகவேண்டியிருந்தது. மற்றவர்களின் பெண்சாதிகளுக்கு வாகனம் கிடைத்தது. என் பெண்சாதி அவருக்குப் பாடமானாள். ஊர் அவரைக் கும்பிட்டது. அந்தோனியார் கோயில் திருநாளில் கொடியேற அவர்தான் முன்னுக்கு நிற்பாராம்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எவ்வளவு வேகத்தில் ஓடுவீர்கள் என்று.

"மீனோடை எண்டா இருபத்தைஞ்சு மைலுக்கு மேலை போறேல்லை. பெட்டி சரிஞ்சு போடும். ஆள் கிடந்தாத்தான் தார் றோட்டிலை அம்பது, அம்பத்தைஞ்சு."

மெக்கானிக் கேட்கிற சாதாரணக் கேள்விதான் அது.

மூன்று கிழமை வேலை செய்தேன். வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வராத காலம். பழைய லொறி ஒன்றின் பின் அக்சிலைத் தேடி எடுத்து, இருபக்கமும் வெட்டி, அளவுக்குச் சுருக்கி ஒட்டினேன். யாழ்ப்பாணத்துக் கடைசல் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று அதன் உள் தண்டுகளைக் கடைந்தெடுத்தேன். அந்த அக்சில் இன்னும் இருபது வருடத்துக்கு முறியாது. அதில் எந்தக் கள்ளமும் இல்லை.

அக்சில் பலத்தால் மட்டும் போதாது. முன்னாலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். சாப்ட் என்போம். அதையும் தடித்த குழாயில் புதிதாகச் செய்தேன். தடித்த சாப்டைச் செய்தால் அதன் பாரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது, வேகம் ஏறினால் உதறும். நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதும் சரியில்லை. பார்த்து, ஒரு பக்கம் பாரம் கூடியிருக்கும்படி ஒரு துண்டு இரும்பை ஒட்டினேன். முன்புறம் அதைப் பூட்டும் நாலு நட்டுகளும் இளகாமல் இருக்க நாலு வாசர் போட வேண்டும். போடவில்லை. சாப்ட் கழன்றால் நிலத்தில் விழாமல் தாங்குவதற்கு ஒரு இரும்பு வளையம் உண்டு. புதுச் சாப்ட் தடித்தது, இடம் காணாது என்று வெட்டி எடுத்துவிட்டேன். அது ஓரளவுக்கு உண்மையும்கூட.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். வல்லை வெளி றோட்டில், பின்னேரம், நல்ல காற்று. நாற்பத்தைந்து மைலுக்கு மேல் போனபோது சீட்டுக்கடியில் ஒரு நடுக்கம் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தேன், நின்றுவிட்டது. திரும்பி வந்து நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, அவருக்கு ஆள் அனுப்பினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பங்குனி மாதம் முழுவதும் மீன் ஏற்றி ஓடினார். மணலில் பிக்கப் குதிரை மாதிரிப் போகிறது என்று சொல்லி அனுப்பினார். இரண்டு நோயாளிகளையும் கொண்டு போனாராம். ஒன்றும் நடக்கவில்லை. வேகமான ஓட்டம் எத்தனை வேண்டும் என்று எனக்கும் தெரியாது. நான் அவசரப்படவில்லை.

சித்திரை ஒன்பதாம் திகதி, பகல் பதினொரு மணி. வலைத் தொழிலாளி கதிரவேலுவின் மனைவி மகாதேவி, இருபத்தொரு வயது, முதல் பிள்ளை. பின்பெட்டியில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். கதிரவேலு பக்கத்தில் இருந்தான். மணலை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். வல்லிபுரத்துக்குக் கிட்டத் தார் றோட்டில் சாப்டின் முன்தலை கழன்று விழுந்து தாரில் குத்தியது. பிக்கப் பின்பக்கத்தால் எழும்பிப் புரண்டது. மகாதேவி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பிள்ளையும்தான். கதிரவேலுவுக்குக் கை முறிந்தது. சம்மாட்டியின் இடது காலை எடுக்க வேண்டி வந்தது.

அன்று பின்னேரம் நீங்களே வந்து என்னைக் கூட்டிப்போய் வாகனத்தைக் காட்டினீர்கள். மணலிலும் வேகத்திலும் நட்டு இளகியிருக்கும் என்று சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதினீர்கள். அதை இப்போது வெட்டிவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய கட்டிலைச் சுற்றி ஊர்ச்சனம் நின்றது.

"என்ரை பிழை, சூசை," என்றார். "நான்தான் கண்மண் தெரியாமல் ஓடிப்போட்டன். உன்ரை வேலையிலை ஒரு குறையும் இல்லை."

கட்டுப்போட்ட கையோடு கதிரவேலு பக்கத்தில் இருந்து அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தான். "அழாதேங்கோ, சம்மாட்டியார். நீங்கள் அவளைக் காப்பாத்தத்தானே ஓடினீங்கள்," என்றான். பெண்சாதியைப் பறிகொடுத்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நான் செய்தது அவருக்குப் போய்ச் சேரவேயில்லை, ஐயா. அவர் அதைக் கடவுளின் சித்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார். வேலைக்கு நன்றி என்றுகூடச் சொன்னார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பது விளங்குகிறது. மகாதேவியின் முகத்தை நான் கண்டதில்லை. அவளோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஓம், நோயாளி ஒருவர் உள்ளே கிடந்தால்தான் அவர் வேகமாக ஓடுவார் என்று தெரிந்துதான் செய்தேன். அது யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், பாம்பு கடித்த கிழவனாகவும் இருந்திருக்கலாம். பேறுக்காரியாக இருந்தால் அவருக்குச் சட்டென்று விளங்கும் என்று மட்டும் எண்ணியதுண்டு. ஆனால் அதைத் தீர்மானிப்பது என் கையில் இருக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்றுதான் நானாக வந்து சொல்கிறேன். சம்மாட்டிமேல் எனக்கு இப்போது கோபம் ஒன்றும் இல்லை. எழுதி முடியுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒரே ஒரு உதவி மட்டும். இதை ஆஸ்பத்திரியில் அவருக்கு வாசித்துக் காட்டும்போது என்னையும் கூட்டிப்போங்கள். விலங்கு போட்டே கூட்டிப்போகலாம். கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினால் போதும், அங்கே நின்றால் அவருடைய முகம் நன்றாகத் தெரியும்.