முதல் கரண்டி

எனக்குக் கையெழுத்து அழகு. மருத்துவர்களில் அது அபூர்வம் என்பதால், எங்கள் மருத்துவர் சபையின் விதிகளையெல்லாம் நான்தான் எழுதினேன். பெண் வைத்தியர்களுக்கான விதியும் என்னுடையதே: ஒவ்வொரு வேளையும் மருந்தை முதலில் அவளே ஒரு கரண்டி குடித்துக் காட்ட வேண்டும். பிறகு கால் மணி நேரம் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் நோயாளிக்கு. ஆண்களுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. பட்டம் வாங்கியவனைச் சந்தேகப்படுவது நாகரிகமில்லை.

ஊரில் கசாயக்காரி என்று ஒருத்தி இருந்தாள். விதியைக் கேட்டு அழுவாள் என்று நினைத்தேன். "ஊர் வியாதிக்கெல்லாம் நானே மருந்து குடிக்கறேன். எனக்கு இனி ஜலதோஷம்கூட வராது" என்று சிரித்தாளாம்.

என் மகளுக்குப் பிரசவமான மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் அட்டை விட்டு ரத்தம் எடுத்தேன். என் மனைவி என்னைக் கேட்காமல் கசாயக்காரியை அழைத்து வந்துவிட்டாள்.

"உங்க படிப்பை அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. எனக்கு என் பொண்ணு வேணும்."

கசாயக்காரி அட்டைகளை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். "போதும் ஐயா. பிள்ளைகிட்ட ரத்தம் இருக்கறதே கொஞ்சம். இதுங்களாவது நல்லா கொழுத்திருக்கு."

அவள் கொடுத்த கசாயத்தில் மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது; மகள் பசிக்கிறது என்றாள். நானும் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைமை மருத்துவரின் மகளைக் கசாயக்காரி பிழைக்க வைத்தாள் என்றால், சபையை எவன் மதிப்பான்? நான் பொறுத்துக்கொள்வேன். மருத்துவம் பொறுக்குமா?

அவள் வைத்துவிட்டுப்போன மருந்தில் என் பெட்டியிலிருந்த விஷத்தைக் கலந்தேன். மகளுக்கு ஆபத்தில்லை, விதி இருக்கிறதே. மதியம் கசாயக்காரி வந்தாள், குடித்தாள், உட்கார்ந்தாள். கால் மணி நேரம் தேவைப்படவில்லை.

"ஐயா, இதைப் பிள்ளைக்குக் கொடுத்துடாதீங்க" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அவள் மருந்தே அவளைக் கொன்றது என்று ஊர் பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமலிருப்பது பொய்யாகாது.

சாயங்காலமே காய்ச்சல் திரும்ப ஏறியது. "அந்த அம்மாவை வரச்சொல்லுங்கப்பா" என்று மகள் பிதற்றினாள். மறுபடி அட்டை விட்டேன். மூன்று நாள் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

நான் கொன்றது ஒருத்தியை மட்டும்தான் ஐயா, வாக்குமூலத்தில் அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் மகள் கடைசி மூச்சுவரை முறையான வைத்தியத்தில் இருந்தாள்.