பேசலாம் என்று எழுதிய பெஞ்சு

— …பேசறதுக்குன்னு ஒரு பெஞ்சு! இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எங்க இருக்குன்னு காட்டவே மஞ்சப் பெயின்ட் வேண்டியிருக்கு. நாளைக்கு மூச்சு விடறதுக்கு ஒரு நாற்காலி போடுவீங்க. தும்மறதுக்கு ஒரு முக்காலி.

— காவ்கோ, மொதல்ல உள்ள வாங்க. வாசல்லயே நின்னு மாணவர் சங்கத்தத் திட்டறீங்க.

— உள்ள வர நேரமில்ல. பனி கரைஞ்சு மூணு வாரமாச்சு, வழுக்காம இருக்கப் பாதையில கொட்டின சரளைய இன்னும் பாதிகூடக் கூட்டல. நீதான இந்த வருஷம் சங்கத் தலைவி, தூலியா? சொல்லிட்டுப் போக வந்தேன். நூலகத்து வாசல்ல இருக்கற அந்த மஞ்சப் பெஞ்சக் கழட்டப் போறேன்.

— கழட்டப் போறீங்களா! அத மாட்டினதே நீங்கதான?

— நாலு போல்ட்டு. கொட்டற மழையில நானே முடுக்கினேன். வேலைச்சீட்டு வந்துச்சு, செஞ்சேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு அப்புறந்தான் படிச்சேன். "இங்கே உட்கார்ந்தால் உங்களோடு பேசலாம்." தூ!

— பாருங்க, நிஜமா சொல்றேன், சங்கம் செஞ்சதுலயே உருப்படியான வேலை அதுதான். பகல்ல சாஞ்சுக்க ஒரு அறை கேட்டோம், நிர்வாகம் தரல. காலையில இலவசக் கஞ்சி ஊத்தினோம், பாதிப் பேரு எழுந்தே வரல. பெஞ்சு மட்டும் காலியா இருந்து நான் பாத்ததில்ல. ஸ்பெயின்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு சொன்னா, பின்லாந்து வந்து நாலு மாசம் கடைக்காரர்கூட மட்டுந்தான் பேசினாளாம். அதுவும் ரசீது வேணுமா வேணாமான்னு.

— பசங்க உக்காரட்டும். பசங்கள யாரு சொன்னா?

— அப்புறம் என்ன?

— கூட்டற வண்டி திரும்ப முடியல.

— பெஞ்சுக்கும் படிக்கும் நடுவுல லாரியே போகும்.

— பெயின்ட் உரியுது.

— காவ்கோ.

— என்ன காவ்கோ? அந்தக் கல்லு வாத்தியாரு அங்க ஏன் உக்காரணும்? அவரு மாணவரா? ரிட்டயராகி அஞ்சு வருஷமாச்சு. வீட்டுல நாற்காலி இல்லையா?

— பாறை, மலை பத்திப் பாடம் எடுத்த பேராசிரியர் என்சியோவா? நல்ல மனுஷராச்சே.

— எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. கோட்டு போட்டிருந்தா நல்ல மனுஷன். பத்தேகாலுக்கு வருவாரு. பையில ஏலக்கா பன்னு ரெண்டு. ஒண்ணு இல்ல பாத்துக்க, ரெண்டு. பத்து முப்பத்தேழு வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு. இருபத்திரண்டு நிமிஷம்.

— நிமிஷமெல்லாம் எண்ணியிருக்கீங்க!

— யாரு எண்ணினா? கடிகாரம் எதிர்லயே தொங்குது. கண்ண மூடிக்கிட்டா கூட்டறது?

— சரி சரி. யார்கூடப் பேசறாரு?

— கேன்டீன்லேர்ந்து ஒருத்தி வர்றா. வெள்ளக் கோட்டு, தலையில வலை. சிர்க்கா.

— ஐயோ, நம்ம சிர்க்காவா! எனக்கு எப்பவும் உருளைக்கிழங்கு ஒரு கரண்டி கூடப் போடுவாங்க. பாவம், விடியக்காலையிலேர்ந்து அடுப்புல வேகறவங்க, பேசினாப் பேசிட்டுப் போகட்டுமே. நேத்துகூட என்னமா சிரிச்சாங்க தெரியுமா? இங்க மாடி வரைக்கும் கேட்டுச்சு…

— எனக்கும் கேட்டுச்சு.

— அதுக்கு நீங்க ஏன் கோவப்படறீங்க?

— முப்பத்தெட்டு வருஷமா அவ என் பொண்டாட்டி. அவகிட்ட அப்படி ஒரு சிரிப்பு இருக்குன்னு நேத்துத்தான் எனக்குத் தெரியும்.

— ஐயோ காவ்கோ… சத்தியமா எனக்குத் தெரியாது.

— யாருக்குத் தெரியும்? நானும் சொன்னதில்ல, அவளும் சொன்னதில்ல. நான் அஞ்சு மணிக்கே சைக்கிள்ல வந்துருவேன், அவ பஸ்ஸுல வருவா.

— சும்மா ஏதாவது பேசிக்கிட்டிருப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

— சும்மாவா? எங்க வீட்டு ஜன்னல்ல இப்ப மூணு கல்லு உக்காந்திருக்கு. ஒண்ணு செகப்பு, ஒண்ணு கோடு போட்டது, ஒண்ணு வெறும் கல்லு. வெறும் கல்ல எதுக்கும்மா ஒருத்தன் ஒரு பொம்பளைக்குக் குடுப்பான்? நான் தினம் வண்டி வண்டியா அள்ளிக் கொட்றேன், எனக்கு ஒருத்தி நன்றி சொன்னதில்ல. அவ அத ஈரத்துணியால தொடைக்கறா.

— கல்லு ஏதுன்னு அவங்களக் கேட்டீங்களா?

— கேட்டா பதில் சொல்லுவா. பதில் சொன்னா அப்புறம் நான் ஏதாவது சொல்லணும்.

— அப்ப வீட்டுல என்னதான் பேசிக்குவீங்க?

— பேச என்ன இருக்கு? மழை பெஞ்சா ஜன்னல்ல தெரியுது. காப்பி ஆச்சுன்னா வாசனை வருது. நான் குடிகாரன் இல்ல, கை நீட்டினவன் இல்ல. வெறகு பொளந்து அடுக்கிடறேன். சனிக்கிழமை தவறாம நீராவிக் குளியலுக்கு சௌனா அடுப்ப மூட்டிடறேன். இதுக்கு மேல வாயத் தொறந்து வேற சொல்லணுமா?

— நாளைக்கு நீங்களும் போய் உக்காருங்களேன். மூணு பேரு தாராளமா உக்காரலாம்.

— என் பொண்டாட்டி பக்கத்துல நான் மூணாவது ஆளா? நல்லா சொன்ன போ. அந்தாளு மலை எப்படி மொளைச்சுதுன்னு பேசுவான், நான் குப்பைத்தொட்டி எப்ப நெறைஞ்சுதுன்னு சொல்லவா?

— சரி, கழட்டணும்னா அதுக்கும் வழி இருக்கு. பெஞ்சு வேணும்னு மனு வந்த மாதிரியே வேணாம்னும் ஒரு மனு. அம்பது கையெழுத்து. இங்க வேலை பாக்கற யாரும் குடுக்கலாம். பேரவையில ஓட்டுக்கு விடறோம்.

— கையெழுத்தாம், ஓட்டாம்! ஒரு போல்ட்டக் கழட்ட அம்பது பேரு. பெஞ்சு வேணும்னு யாரு குடுத்தா மனு? அந்தக் கல்லுக் கிழவன்தான? திட்டம் போட்டு செஞ்சிருக்கான். பேர எடு, பாப்போம்.

— அவரா இருக்காது. இருங்க, போன வருஷத்துக் கோப்பு… மார்ச்… ஏப்ரல்… பெஞ்சு… ஆங்.

— என்ன?

— ஒண்ணுமில்ல.

— மொகம் மாறுது.

— காவ்கோ, நான் அப்ப சங்கப் பொறுப்புல இல்ல, இப்பத்தான் இதப் பாக்கறேன். விடுங்க. பெஞ்ச வேற எடத்துக்கு மாத்தச் சொல்றேன், நானே பேசறேன்.

— மறைக்கற. படிச்சவங்க எல்லாரும் ஒரே கூட்டம். நோட்டீஸ் பலகையில ஊரே பாக்கத் தொங்கின காகிதந்தான? எனக்கும் படி. கண்ணாடி கொண்டாரல.

— "மனு அளிப்பவர்: சிர்க்கா, கேன்டீன் சமையலறை."

— சரியாப் பாத்துப் படி.

— உக்காருங்க. கொஞ்சம் தண்ணி தரட்டுமா?

— காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே. படி.

— வேணாம் காவ்கோ.

— படிம்மா.

— "வீட்டில் பேச ஆளில்லை."

— அது வேற எவளோ சிர்க்கா. புருஷன் செத்துப்போனவளா இருக்கும், பாவம். நான் வர்றேன்.