படகுத்துறை மூக்கக்கா

மேடையில் வீற்றிருக்கும் படகோட்டிகள் சங்கத் தலைவர் அவர்களே, வேலை முடிந்த சீருடையோடு அக்கரையிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே, அன்றாடம் எங்கள் படகுகளில் ஆற்றைக் கடக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, கதவோரம் கையில் மருந்துக்கட்டோடு நின்றுகொண்டிருக்கும் அவருடைய தம்பியே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐஸ் கிடங்கின் இந்த மாடியில் நாம் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்! யார் படகு முதலில் போவது என்று எத்தனை முறை மல்லுக்கு நின்றிருக்கிறோம்! அப்போதெல்லாம் எவருடைய குரல் கீழ்த்தளம் வரை கேட்டதோ, அவர் இன்று இந்த மேசைமேல் படமாக இருக்கிறார்.

மூக்கக்கா! வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றே அழைத்தேன். பெயர் வைத்தது நாம்தான், கேலியாக வைத்தோம். ஏன் வைத்தோம்?

அவரும் கணவரும் நாலு கை மாறிய ஒரு மோட்டார் படகை வாங்கினார்கள். சுக்கான் கணவருக்கு, எஞ்சின் அக்காவுக்கு. படகை ஒப்படைக்கும்போதே எஞ்சின் அறையில் பெட்ரோல் வாடை. விற்றவர் சிரித்தார்.

"பெட்ரோல் படகுன்னா வாசன இருக்கத்தாம்மா செய்யும்."

"உங்க வீட்டு அடுப்படியில காஸ் வாடை வந்தா, அடுப்புன்னா அப்படித்தான்னு தீக்குச்சி உரசுவீங்களா?" என்றார் அக்கா.

நண்பர்களே, எஞ்சின் அறை என்பது மூடியிட்ட ஒரு பெட்டி. அதற்குள் தேங்கும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி உண்டு, ப்ளோயர் என்கிறோம். அந்தப் படகிலும் அது ஓடியது. நன்றாகச் சத்தம் போட்டது. சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்றுதானே நாம் நம்புவோம்? அக்கா நம்பவில்லை. காற்று வெளியேறும் துவாரத்தின் முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். காகிதம் அசையவே இல்லை!

"சத்தம் மட்டுந்தான் வருது, காரியம் ஒண்ணும் நடக்கல. நம்ம சங்கம் மாதிரியே இருக்குண்ணே" என்றார் என்னிடம். தலைவர் மன்னிக்க வேண்டும்.

படுத்து, உருண்டு, உள்ளே கைவிட்டுத் தேடினார். பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால் விசிறியின் ரப்பர் குழாய் கிழிந்து கிடந்தது. மாற்றினார். காகிதம் லேசாக ஆடியது; வாடை போகவில்லை. அதோடு விட்டாரா? குழாயின் வாய் உயரத்தில் தொங்குவதைப் பார்த்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே ஏறாது, அடியில் படுத்துக்கொள்ளும். குழாயை இறக்கி, அடியில் தேங்கும் தண்ணீருக்குச் சற்று மேலே நிறுத்தினார். அப்போதும் காற்று திணறியது.

கணவர் பொறுமை இழந்தார். "கப்பல் வாங்கியிருந்தாக்கூட இந்நேரம் கடலச் சுத்திட்டு வந்திருப்பேன்."

"உள்ள வர வழியில்லாம காத்து எங்கேருந்துங்க வெளிய போகும்?" என்று முன்பக்கம் போய்ச் சுரண்டினார் அக்கா. முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகப் பூசிய சாயம், காற்று நுழையும் துவாரங்களை மொத்தமாக அடைத்திருந்தது! அதைத் திறந்த பிறகு காகிதம் கையிலிருந்து பறந்தே போனது. அன்று அவர் சிரித்த சிரிப்பு துறை முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு எந்தப் படகின் பக்கம் போனாலும் மோந்து பார்ப்பார். "மொதல்ல மூடியத் தெற, மோந்து பாரு, ப்ளோயர ஓடவிடு, அப்புறம் சாவியத் திருப்பு" என்பார். நாம் என்ன சொன்னோம்? "அக்கா, எங்க எஞ்சின்ல உங்க மூக்க நுழைக்காதீங்க" என்றோம். சொன்னோமா இல்லையா?

கொழுந்தனாரின் படகும் அதே வகைதான். மழைக்காலத்தில் காற்றுத் துவாரம் வழியே தண்ணீர் தெறித்து எஞ்சின் நனைகிறதென்று, நம்மில் பலரையும் போலத் தம்பியும் அதில் சாக்குத்துணியைத் திணித்து வைத்தார். அக்கா பிடுங்கிப் போடுவார். தம்பி மறுபடி திணிப்பார்.

"அண்ணி, நட்டாத்துல எஞ்சின் நின்னா நீங்களா வந்து தள்ளுவீங்க?" என்று கேட்டார் தம்பி. அதுவும் நியாயமான கேள்விதானே? அதனால்தான் அக்கா சண்டையை விட்டுவிட்டு, தகரக் கடையில் சொல்லித் துவாரத்துக்கு ஒரு மூடாக்கு செய்யவைத்தார். வாய் பின்பக்கம் பார்த்திருக்கும்; காற்று போகும், தண்ணீர் போகாது.

அதைப் பொருத்தத்தான் அன்று காலை துறைக்கு வந்தார். படகு நிறைய ஆட்கள். "இந்த ஒரு நட போயிட்டு வந்துடறேன் அண்ணி" என்று தம்பி சாவியைக் கையில் எடுத்தார். அக்கா படகில் கால் வைத்ததுமே நின்றுவிட்டார்.

"சாவியத் தொடாத! எல்லாரும் இறங்குங்க!"

உங்களில் சிலர் அந்தப் படகில் இருந்தீர்கள். முணுமுணுத்தீர்கள். வேலைக்கு நேரமாகிறது என்றீர்கள். குழந்தை வைத்திருந்த ஒரு தாயைக் கையைப் பிடித்து இழுத்தே இறக்கினார். கடைசி ஆள் கரையேறியதும் தம்பியையும் படகு கட்டிய கயிற்றுப் பக்கம் தள்ளிவிட்டு, ஆவி வெளியேறட்டும் என்று எஞ்சின் மூடியைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, அடியில் சேர்ந்த தண்ணீரை இறைக்கும் பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. ஒரு பொறி. ஒரே ஒரு பொறி!

நெருப்புக்குள் கைவிட்டு அண்ணியை இழுத்தவர் இந்தத் தம்பிதான். இழுத்து என்ன பயன்?

அவருடைய கடைசி வார்த்தை என்ன என்று பத்திரிகைக்காரர் கேட்டார். "இறங்குங்க" என்பதுதான் ஐயா, வேறொன்றும் இல்லை.

இப்போது தலைவர், "கடைசியில ஒரு உறுதிமொழி வெச்சுடுங்க" என்கிறார். என்ன உறுதி சொல்வேன்? அடக்கம் முடிந்து திரும்பி, படகுகளைச் சுற்றிப் பார்த்தேன். சாக்குத்துணி இருந்த இடத்தில் சாக்குத்துணி இருக்கிறது! கேட்டால், "அவங்க விதி முடிஞ்சுதுண்ணே" என்கிறார்கள். இன்று காலை ஒருவர் ப்ளோயரை ஓடவிட்டுக் காத்திருந்தார்; பயணிகள், "என்னய்யா, இன்னுமா ஊதி முடியல?" என்று பக்கத்துப் படகுக்குத் தாவினார்கள். இந்தத் துறையிலேயே பத்திரமான படகு அக்காவின் படகு. அது கட்டிக் கிடக்கிறது. கணவர் இனி அதில் ஏறமாட்டார். வாங்குவதற்கு ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். முன்பக்கத்துத் துவாரங்களை அடைத்துப் பூசினால் பார்வையாக இருக்கும் என்றானாம்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. பேசச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படியேறும்போது கணவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "பேசறதுன்னா பேசுங்கண்ணே. ஆனா அவள தெய்வமாக்கிடாதீங்க. தெய்வம்னா கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. மூடியத் தெறந்து பாக்க மாட்டாங்க."

ஆகவே அவரைத் தெய்வம் என்று சொல்லமாட்டேன். இனி ஒருவரும் சாகமாட்டார்கள் என்றும் சொல்லமாட்டேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நாளைக் காலை முதல் நடைக்கு முன்னால் ஒவ்வொரு படகாக வருவேன். மூடியைத் திறக்கச் சொல்வேன். திட்டுவீர்கள், திட்டுங்கள். அக்காவுக்கு இருந்த தெம்பு எனக்கு இல்லை, அந்த வாயும் இல்லை. நாளை மறுநாள் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை.

நாளைக்கு வருவேன்.