டீச்சரின் எண்

அந்த ஸ்பீக்கரை நான் புதிதாக வாங்கவில்லை. பாட்டுக் கேட்பதற்காக ஹாலில் ஏற்கெனவே இருந்ததுதான். தங்கையின் போனில் பேசும் உதவிக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அவள் அதைக் காதில் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பார்வை போய்ப் பதினோரு வருடம். காதும் வலிக்க வேண்டுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரோடு இணைத்தேன். சுவர் மூலையில் இருந்ததை அலமாரியின் நடுத்தட்டுக்கு மாற்றினேன். இரைச்சல் போய், ஒரு பெண் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல ஆகிவிட்டது.

"இப்பதான்க்கா மனுஷி மாதிரி பேசறா," என்று தங்கை சிரித்தாள்.

அவளுக்கு வரும் செய்திகளை அந்தக் குரல்தான் வாசிக்கும். இவள் பதில் சொன்னால் எழுத்தாக்கி அனுப்பும்.

நான் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். மறுவாரம் தையல் மெஷின் பழுதாகி மதியமே வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் தெளிவாகக் கேட்டது. தங்கைக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த டீச்சரின் செய்தி. வேறு ஊரில் விடுதியில் இடம் கிடைத்துவிட்டதாம், கூடவே வேலையும்.

"அக்காவுக்கு இப்ப தெரிய வேண்டாம் டீச்சர்," என்றாள் தங்கை. "தெரிஞ்சா விடமாட்டா. போனப்புறம் சொல்லிக்கலாம்."

என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட இரண்டு பேரிடமும், தங்கையும் என்னோடுதான் இருப்பாள் என்று சொன்னேன். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்டவளிடம் சொல்லாமல்தான் காதும் காதும் வைத்த மாதிரி கிளம்பப் பார்த்தாள். நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினேன்.

அன்று அவள் குளிக்கும்போது அவள் போனில் டீச்சரின் எண்ணைத் தடுத்துவிட்டு, அந்தப் பெயருக்கு என்னுடைய இன்னொரு எண்ணைப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. அதன் பிறகு டீச்சர் நான்தான். விடுதி இடம் தள்ளிப்போகிறது, பொறுமையாக இரு, வகுப்பில் இருப்பேன், போன் செய்யாதே என்றெல்லாம் எழுதினேன். எதையும் அவள் சந்தேகப்படவில்லை. குரல் அவ்வளவு நன்றாக இருந்தது.

அவள் மனம் விட்டுப் பேசினாள். நான் கடையில் துணிக்கு நடுவே போனை வைத்துப் படிப்பேன். "எல்லாத்தையும் அக்காவே செஞ்சு செஞ்சு, எனக்குக் கை இருக்கறதே மறந்துபோச்சு டீச்சர்," என்று ஒரு நாள் வந்தது. அன்று ஒரு திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

நாற்பது நாள் பொறுத்தேன். பிறகு, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய ரோட்டுக்கு வா, காரோடு காத்திருக்கிறேன் என்று எழுதினேன். ஒரு தடவை தனியாகத் தவித்தால் வீட்டின் அருமை தெரியும் என்று நினைத்தேன். எங்கள் கடை அந்த ரோட்டில், மாடியில் இருக்கிறது.

வந்தாள். ஒரு கையில் கோல், தோளில் பை. தலையைத் தானே வாரியிருந்தாள், வகிடு கோணல். நடைபாதை ஓரத்தில் நின்று போனை வாயருகே கொண்டுபோனாள்.

"டீச்சர், வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

எதிர்ப்பக்கம் என்று எழுதினேன். அவள் ஒரு அடி வைத்து நின்றாள்.

"லாரி சத்தம் கேக்குதே டீச்சர்."

ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "லாரி நிக்குது. நேரா வா," என்று எழுதினேன். அது நிற்கவில்லை என்பது மாடியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இதை நான் மறுக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் கூடவே எழுதுங்கள். அந்த இடத்தில் அவள் சற்று நேரம் நின்றாள், பயந்துபோய்த்தான் நின்றாள். ஒரே ஒரு தடவை "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் நான் இறங்கி ஓடியிருப்பேன். கடைசி வரைக்கும் அவள் டீச்சரைத்தான் கூப்பிட்டாள்.