எலும்பில் ஒரு பென்சிற்கோடு

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. காலை தொடக்கம் வாடைக்காற்றுடன் தூறல். பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் இடைவிடாத மழை. இடம்: திருநெல்வேலி, பலாலி வீதியில் சீவரத்தினம் என்பவரின் வாத்தியம் திருத்தும் கடை. கொழும்புத்துறையிலிருந்து தன் கணவன் அடைக்கலநாதனின் கிற்றாரைப் படங்குச் சீலையிற் சுற்றிக்கொண்டு வந்த பெர்னடெட்டும் கடைக்காரரும் உரையாடுகின்றனர்.

– இன்னும் இறக்கலாமோ எண்டு கேக்கிறியே பிள்ளை, இதுக்குமேலை இறக்கினா நரம்பு பலகையிலை படுத்திடும்.

– ஒரு கடதாசித் தடிப்பு இறக்கினாக் காணும், அண்ணை.

– அடைக்கலநாதன் அப்பிடிச் சொல்லி விட்டவனோ?

– இவர் நரம்பு மாத்திக்கொண்டு வா எண்டுதான் அனுப்பினவர். இறக்கச் சொல்லிக் கேக்கிறது நான். அது இவருக்குத் தெரியப்படாது.

– இஞ்சை பார். இது ஒருசதக் காசுக் குத்தி. ரெண்டு குத்தியை அடுக்கி, இந்தப் பன்னிரண்டாம் மெட்டிலை, நரம்புக்குக் கீழை விட்டா லேசாப் போகவேணும். உது இந்த வாத்தியத்தின்ரை இலக்கணம். உன்ரையிலை ஒரு குத்தியே முக்கி முக்கிப் போகுது.

– இவருக்கு அது காணாது.

– தட்டுறன், கேள். போத்திலுக்கை வண்டு விழுந்தமாதிரி இரையுது.

– இரையலாம், அண்ணை. உது பிளமெங்கோக் கிற்றார். கப்பலிலை போன காலம் ஸ்பெயினிலை காடிஸ் துறைமுகத்திலை இவருக்குப் பழக்கின கிழவன் சொன்னவனாம், கொஞ்சம் இரையாட்டி அது கோயில்பாட்டு எண்டு.

– கோயில்பாட்டிலை என்ன குறை கண்டவனாம் அவன்?

– பகிடியை விடுங்கோ. ஏழு மணிக்குக் கொழும்பு வண்டி. நான் இதை நேரை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு, பயணிகள் கப்பலிலை பாண்ட் நடத்துற ஆளுக்கு முன்னாலை இவர் வாசிச்சுக் காட்டவேணும். பிடிச்சா ரெண்டு வரியத்துக்கு வேலை. பிடிக்காட்டி, அந்தக் கையோடை இனி ஆர் இவரைக் கப்பலிலை ஏத்தப் போகினம்?

– எந்தக் கையோடை?

– முதல் நீங்கள் நரம்பைத் தாங்குற உந்த எலும்பைக் கழட்டுங்கோ.

– ஆறுதலாய், பிள்ளை. ஆறு நரம்பையும் ஒண்டொண்டாத் தளத்தவேணும். மழை ஈரத்துக்கு மரம் வேறை ஊதிக் கிடக்கு. பிறகு இந்தக் குதிரைக் கட்டையிலை உள்ள தவாளிப்புக்கை இருந்து எலும்பை நோகாமல் எடுக்கவேணும். அதுவும் மாட்டெலும்பு. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் துணியாலை பிடிச்சுத்தான் எடுப்பன். துணி ஒண்டு தேடவேணும், பொறு.

– இந்தாங்கோ, என்ரை லேஞ்சி.

– அதுக்கிடையிலை நீட்டிப்போட்டாய். சரி, கொண்டா. ம், வருகுது, வந்திட்டுது. இதென்ன பிள்ளை, இதை ஆர் தேய்ச்சது?

– எதை?

– எலும்பின்ரை அடிப்பக்கத்தை. அரம் பட்ட அடையாளமில்லை. சீமெந்திலை தேய்ச்சிருக்கு. ஒருதரமில்லை. நாலுதரம், நாலு விதமாச் சரிஞ்சு கிடக்கு.

– நான்தான்.

– நீயோ?

– கிணத்தடிச் சீமெந்திலை. ஞாயிற்றுக்கிழமை தலையிடி எண்டு படுத்திடுவன். இவர் பூசைக்குப் போவார். வாறதுக்கிடையிலை தேய்ச்சு, திருப்பிச் செருகி, நரம்பை முறுக்கி வைச்சிடுவன். வந்து எடுத்து வாசிப்பார். வாசிச்சிட்டு, இண்டைக்குக் கை நல்லாயிருக்கு பெர்னா எண்டுவார். அந்த முகத்தை நீங்கள் காணேல்லை, அண்ணை. அந்த முகத்துக்காக நாலு பூசை விட்டிருக்கிறன்.

– அவனுக்குத் தெரியாதோ?

– தெரியாது. தெரிஞ்சா அந்த இடத்திலையே உடைஞ்சு போவார்.

– கைக்கு என்ன?

– இடக்கையிலை சின்ன விரலும் பக்கத்து விரலும் நரம்பை அமத்துதில்லை. நரம்பு பதிய நிண்டாத்தான் ஏதோ அமத்தும். வைகாசியிலை கேத்தில் சூடு பட்டுத் தோல் கழண்டது, மனுசனுக்குத் தெரியேல்லை. எனக்கு மணத்திலைதான் விளங்கினது. திரும்பிப் பாக்கிறன், கேத்திலிலை கை ஒட்டினபடி இருந்து கப்பல் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு முழங்கைக்குப் பக்கத்திலை ஒரு வெளிறின இடம் கண்டன். மத்தியானம் இவர் கண்ணயர்ந்த நேரம் ஊசியாலை தொட்டுப் பாத்தன்.

– அசையேல்லையோ?

– இல்லை.

– அது என்ன வருத்தமெண்டு உனக்குத் தெரியும்.

– வாயாலை சொல்லாதேங்கோ, அண்ணை. கையெடுத்துக் கும்பிடுறன்.

– சொல்லேல்லை. ஆனா இப்ப அதுக்குக் குளிசை இருக்குப் பிள்ளை. வேளைக்குக் காட்டினா அந்த மட்டத்திலை நிப்பாட்டலாம் எண்டு பத்திரிகையிலை தெளிவா எழுதியிருந்தது. நான் ரெண்டுதரம் வாசிச்சனான்.

– எங்கை காட்டுறது? இஞ்சை காட்டினாப் பின்னேரத்துக்கிடையிலை தெரு முழுக்கத் தெரியும். எங்கடை ஒழுங்கைக் குணலட்சுமியின்ரை தமையனுக்கு இந்த வருத்தமெண்டு தெரிஞ்ச அண்டைக்கே சனம் என்ன செய்தது? அந்த வீட்டார் தண்ணி அள்ளப்படாதெண்டு கிணத்திலை துலாக்கயித்தை அறுத்தவை. அவன்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் பக்கத்திலை இருத்தேல்லை. இவர் அதைப் பாத்தவர். கப்பலிலை போனாரெண்டா ஏதோவொரு துறையிலை இறங்கி, ஒருத்தரும் அறியாமல் வைத்தியம் பாக்கலாம். அதுக்குத்தான் நாளைக்கு வாசிக்கிறது. அதுக்குத்தான் இந்தக் கடதாசித் தடிப்பு.

– கெட்டுப்போறது விரல். நீ எலும்பைத் தேய்க்கிறாய். எவ்வளவெண்டு தேய்ப்பாய்?

– எலும்பு முடியுமட்டும்.

– சரி, அழாதை. இந்தா, பென்சிலாலை ஒரு கோடு கீறுறன். கோட்டுக்குக் கீழை உள்ளதுதான் போகும், அதுக்குமேலை கேக்கப்படாது. நீ அங்காலை வாங்கிலை இரு. தூள் கண்ணுக்கை விழும்.

– இதிலை நிக்கிறனே.

– இரு எண்டா இரு. தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன், குடி. பனங்கட்டி உந்தப் பேணிக்கை.

– நேரமென்ன?

– நாலரை.

– பெரிய அரத்தாலை தேய்ச்சாக் கெதியா முடியுமெல்லே?

– பெரிய அரம் பிடிச்சா எலும்பு சரிஞ்சிடும். ஒரு நரம்பு உயர நிக்கும், மற்றது பதிய நிக்கும். உன்ரை நாலு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிழைதான் விட்டிருக்கு.

– எனக்கு ஆர் சொல்லித் தந்தது? கண்ணாலை பாத்துத் தேய்ச்சனான்.

– பிழை எண்டு சொல்ல வரேல்லை. ஒருத்தரும் பழக்காமல் இவ்வளவு செய்திருக்கிறாய். நான் பன்ரெண்டு வரியம் உளி பிடிச்ச பிறகுதான் ஒரு வீணைக்குக் குதிரை வைச்சனான்.

– அண்ணை, மூண்டு பஸ் போட்டுது.

– நாலாவது வரும்.

– மழைக்கு அது நிக்காமல் போனா? நடந்துபோக ஏலாது, இது நனைஞ்சிடும்.

– நிக்கும். சாரதி எனக்குத் தெரிஞ்சவன். குடிச்சு முடி, ஆறப்போகுது.

– எத்தினை மணியிப்ப?

– அஞ்சரை. ஏழு மணிக்குத்தானே வண்டியெண்டாய்?

– ஓம். ஆறரைக்கு வந்தாக் காணும், அதுக்கு முதல் வந்து மழையிலை நிக்காதை எண்டு ரெண்டுதரம் சொன்னவர். அப்பிடிச் சொல்லுற மனுசனே இல்லை, அண்ணை. காலமை வெளிக்கிடேக்கை என்ரை தலையைத் தடவினவர். வலக்கையாலை. ஏன் நிப்பாட்டிட்டியள்?

– முடிஞ்சுது.

– தாங்கோ, பாப்பம். வெளிச்சத்திலை பிடிக்கிறன். அண்ணை, பென்சிற்கோடு அப்பிடியே கிடக்கு.

– ஓம்.

– கோட்டுக்குக் கீழை ஒரு துளி குறையேல்லை. இவ்வளவு நேரமும் என்னத்தை அராவினியள்?

– உடைஞ்ச வீணைக் கட்டையொண்டை.

– ஏன்? நான் உங்களுக்கு என்ன செய்தனான்? மனுசன் அங்கை ஸ்டேசனிலை நிக்குது. இந்தக் கிற்றாரோடை இவர் போய் அமத்த மாட்டார், தெரிஞ்சுகொண்டே ஏன் எனக்கு இப்பிடிச் செய்தியள்?

– மணிக்கூட்டைப் பார்.

– அஞ்சே முக்கால். இன்னும் ஒண்டேகால் மணித்தியாலம் கிடக்கு, தாங்கோ அந்த அரத்தை, நானே தேய்க்கிறன்.

– ஏழு மணிக்கு வண்டியில்லைப் பிள்ளை, அது அவன் உனக்குச் சொன்ன பொய். வண்டி இப்ப வெளிக்கிட்டிட்டுது.

– கிற்றார் இஞ்சை கிடக்கே. கிற்றார் இல்லாமல் இவர் எப்பிடிப் போவார்?

– அவன் வாசிக்கப் போகேல்லை. கொழும்பிலை பெரிய ஆசுப்பத்திரியிலை கையைக் காட்டப் போறான். கப்பல்காரருக்கு வரமாட்டனெண்டு போன கிழமையே எழுதிப்போட்டான். திங்கக்கிழமை இஞ்சை வந்தவன், நீ இருக்கிற இந்த வாங்கிலை ரெண்டு மணித்தியாலம் இருந்தவன்.

– அப்ப நான் தேய்ச்சது?

– முதலாம் ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடிச்சிட்டானாம். கை நல்லாயிருக்கு எண்டு உனக்குச் சொன்னது அதுக்குப் பிறகுதான்.

– என்னை ஏன் இஞ்சை அனுப்பினவர்?

– வண்டி போகுமட்டும் அரத்தை நிப்பாட்டாதேங்கோ அண்ணை, அவ வந்து ஸ்டேசனிலை நிண்டா எனக்கு வண்டியிலை கால் ஏறாது எண்டு சொல்லித்தான் அழுதவன்.

மாலை ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடம்.