கடைசிக் காட்சிக்கு வந்த இருவர்

நாடகம் போடுகிறவனுக்கு அரங்கில் எழும் இருமல் பெரிய தலைவலி. நல்ல இடம் பார்த்து யாராவது இருமிவிடுவார்கள். எங்கள் புது நாடகத்தின் முதல் நாள் ஒருவர்கூட இருமவில்லை. என்னவோ என்று பக்கத்திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்குள் முணுமுணுப்பதும் பதிவாகும் ஒரு நாட்டின் கதை அது. ஒருவன் தன் அறையில் கேமராவின் முன் உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் பேசத் தொடங்குகிறான். கடைசியில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட இருவர் வந்து அவனை அழைத்துப்போகிறார்கள். எதிரி நாட்டில் நடப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தேன். அறைக்காரனாக நடித்தது என் தம்பி. அம்மா போன பிறகு நான் தலைவாரிவிட்டு வளர்த்தவன்.

மேடையில் தொங்கியது அட்டைக் கேமரா. அதைப் பார்த்துத்தான் அவன் பேச வேண்டும். அன்று அதை விட்டுவிட்டு, அரங்கின் கூரை மூலையில் அரசு பொருத்தியிருந்த நிஜக் கேமராவை நிமிர்ந்து பார்த்துப் பேசினான். வசனத்தில் ஒரு சொல் மாறவில்லை. ஜனம் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தது.

ஒப்பனை அறையில், "நாளைக்கு அட்டையப் பாத்தே பேசுடா" என்றேன்.

"அதுக்குப் பின்னாடி யாரும் இல்லையேண்ணா. கேக்கிற ஆளப் பாத்துப் பேசணும்னு நீதானே சொல்லிக்குடுத்த?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

அத்தனை பேர் பார்த்ததை யாராவது போய்ச் சொல்லத்தான் போகிறார்கள். வேறு எவனோ கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் அண்ணனே முந்திக்கொண்டால் தண்டனை குறையும். காலையில் காவல் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி தன்மையானவர், நாற்காலி போடச் சொன்னார். வீட்டில் அவன் என்ன பேசுவான் என்று கேட்டார். சாப்பிடும்போது அவன் பேசுவதையெல்லாம் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கைது செய்யும்போது கூட்டம் கூடிவிடுமோ என்று அவர் தயங்கினார். மேடையிலேயே பிடிக்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். கடைசிக் காட்சியில் வரும் இரண்டு நடிகர்களையும் அன்று வரவேண்டாம் என்றேன். கோட்டுகளை அதிகாரியின் ஆட்களுக்குக் கொடுத்தேன். ஒருவருக்குத் தொளதொளவென்று இருந்தது. ஊக்கு குத்திச் சரிசெய்தேன். இடப்பக்கமாக வரச் சொன்னேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

அன்றிரவு மேடையில் தம்பி அவர்கள் முகத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்திரை மறைவில் நின்ற என்னைப் பார்த்தான். வசனம் வரவில்லை. "அண்ணா" என்றான். மறந்துவிட்டானாக்கும் என்று மெல்ல எடுத்துக்கொடுத்தேன்.

"கதவச் சாத்திட்டு வந்துடறேன்" என்று நான் கொடுத்தபடியே சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தான்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. முன்வரிசையில் அவன் மனைவி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

"எங்க மாமா அவரு? இன்னும் வேஷம் கலைக்கலையா?"

"வந்துடுவாம்மா, உக்காரு" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

அவன் வரவில்லை. அந்த அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர், அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறார். தம்பி மனைவி இப்போது என் முன்னால் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவளுக்கு ஒருநாள் புரியும். என் தம்பியை அந்நியர் யாரும் காட்டிக்கொடுக்க நான் விடவில்லை.