எடைமேடையில் ஒன்றாம் நம்பர்

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. வாளையாரில் லாரி எடைமேடைக்குப் பின்பக்கமாகப் போகும் ஒற்றையடிப் பாதை... ஈ, காக்கை இல்லை. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று எவன் சொன்னான்? நெருங்கி உட்காருங்கள்.

நம் காளிச்சாமியின் அக்கா மகள் பிரதீபா அதில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் பார்த்துக்கொள்ளும் எடைமேடைக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து படுத்துவிட்டது. ரோட்டில் லாரி வரிசை, குறைத்துச் சொன்னால் மதுக்கரை வரை.

"ஏனுங்க அம்மிணி, ஒரு மணிக்குள்ள ஓடலீன்னா நாளைக்கு வராதீங்க" என்றார் முதலாளி.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை. அறையில் முதலில் பிறக்கும் புரோகிராம்தான் ஒன்றாம் நம்பர். அது செத்தால் உள்ளே இருப்பவை அத்தனையும் அதே நொடியில் சாகும். அப்புறம் அந்த அறையில் எதுவுமே பிறக்காது. காலையில் நடந்தது அதுதான்.

அப்படி ஆனால் புது அறை தானாகத் திறக்கும்படி எழுதுவதாகச் சொன்னவன் ரிஜின், மலையாளி. மூன்று வருஷம் அவளோடு வேலை பார்த்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். "நீ பேடிக்காதே, பயப்படாதே, அது நான் பார்த்துக்கிறேன்." போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான்.

அவன் எழுதியதைத் திறந்தாள். அந்த இடத்தில் ஒரே வரி: 'இது பிரதீபாவின் பாடு.' தேதி... அவன் வாக்குக் கொடுத்த அதே நாள்.

திட்டித் தீர்க்க அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவன் தங்கை பின்சி.

"சேச்சிக்கு யாரும் சொல்லலையா? ஞாயிற்றுக்கிழமையே அண்ணனோட அடக்கம் முடிஞ்சது..."

திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

தானே புது அறை திறந்தாள். காலி அறை. எடைப் புரோகிராமை உள்ளே விட்டாள்... அதற்கு விழுந்த நம்பர் இரண்டு.

அப்படியானால் ஒன்று?

வெளியிலிருந்து தேடினாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். இருக்கிறது. பெயர், ரிஜின்.

"இப்பவும் எனக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டியாடா?"

கொல்லப் பார்த்தாள். உள்ளிருந்து கொன்றால் ஒன்றாம் நம்பர் சாகாது. அது அந்த அறைகளின் சட்டம். வெளியிலிருந்து கொல்லலாம் என்றால், வெளியில் அது இல்லையே. குப்பென்று... அணைத்த மெழுகுவர்த்தி வாசனை.

திரை விழித்தது.

"ஓடுது அம்மிணி, ஓடுதுங்க!" முதலாளி கேட்டைத் திறக்க ஓடினார்.

லாரி ஒன்றுகூட இன்னும் உள்ளே வரவில்லை. வெயிலில் மேடை வெறிச்சென்று கிடந்தது. திரையில் எடை... எழுபது கிலோ.

மேடைத் தகடு 'டங்' என்றது.

எழுபது... பூஜ்யம்.

இறங்கிவிட்டான்.

மேடையிலிருந்து அவள் உட்கார்ந்திருக்கும் அறையின் கதவுக்குப் பன்னிரண்டே அடி.